அடுத்த ஆண்டுக்கான பழத்தை இந்த ஆண்டே அறுத்துப் பார்த்தவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியை முடித்து, நிலாவை வைத்து எண்ணும் நம் நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வரும் இவ்வாண்டில், அந்த இரண்டாவது ஆறாம் மாதத்திலேயே ஓய்வு பெறும் எங்கள் விளம்பரத் திட்டப் பிரிவின் பொறுப்பாளர் வெங் பி-லுவான் அக்கா அவர்களுக்கு, தைனான் தலைமை அலுவலகத்தில் அவருடன் பணியாற்றும் ஒன்பது பேரும் எழுந்து நின்று வாசித்து வழங்கும் பாராட்டு மடல்.

நாளையின் நாடியை இன்றே பிடித்துப் பார்த்தவரே! புத்தாண்டுச் சிவப்புக் காகிதத்தைப் பொசுக்கும் கோடையில் வாங்கி அடுக்கியவரே! பேய் மாதத்துப் படையல் பொட்டலங்களைப் பனிக்காலத்திலேயே பேசி முடித்தவரே! பென்சில் முனை ஒன்றால் பதினேழு கடைகளின் பன்னிரண்டு மாதங்களையும் நடத்தியவரே! பதின்மூன்றாவது மாதம் வந்த ஆண்டிலும் பதறாதவரே! வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த விழாவை நாங்கள் ஒன்பது நாளைக்கு முன்புதான் திட்டமிட்டோம். மண்டபம் கிடைக்கவில்லை, அதனால்தான் கிடங்கின் மேல்மாடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த மடலுக்குச் சொன்ன கண்ணாடிச் சட்டமும் இன்னும் வந்து சேரவில்லை, நாளை தருகிறேன் என்கிறார் கடைக்காரர். உங்கள் ஓய்வு நாள் உங்கள் சுவர் அட்டவணையில் மூன்றாண்டுகளாகப் பென்சிலில் இருந்தது. அதைத் தாண்டித்தான் தினமும் தேநீர் எடுக்கப் போனோம். படித்தோம், நம்பவில்லை. உங்களிடம் கற்றதற்கு இது அழகல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

கல்லாவில் நின்றபடியே காலத்தைக் கணித்தவரே!

முப்பத்தோராம் வயதில் நம் நிறுவனத்தின் இரண்டாவது மளிகைக் கடையில் பில் போடும் பெண்ணாகச் சேர்ந்தீர்கள். படகுத் திருநாளுக்குச் சோறு பொதியும் மூங்கில் இலை மூன்று நாள் முன்னால்தான் கடைக்கு வந்தது. அதற்குள் இலை கேட்டு வந்த பெண்கள் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். பில் காகிதத்தின் பின்பக்கத்தில் அதை எழுதி, கடைத் தலைவரிடம் நீட்டினீர்கள்.

"பில்லு போடுற வேலையைப் பாரும்மா" என்றார் அவர்.

பார்த்தீர்கள். பில் போட்டபடியே, இலை கேட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண்களுக்கு ஆளுக்கொரு கோடு போட்டு வைத்தீர்கள். அடுத்த ஆண்டு இருநூற்றுப் பதினான்கு கோடுகள். அதற்கடுத்த ஆண்டு இலை ஒரு மாதம் முன்னதாகவே வந்தது. அதன் பிறகுதான் உங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அழைத்தவர்கள் நாற்காலி கொடுத்தார்கள். பதவி கொடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னோக்கி நடந்து முன்னே சென்றவரே!

எங்கள் ஒவ்வொருவரையும் முதல் நாளே நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வாங்குற அம்மா என்னைக்கு அடுப்பு பத்த வைக்கிறா? அதைச் சொல்லு முதல்ல. அங்கேயிருந்து பின்னால நட." அடுப்பு எரியும் நாளிலிருந்து கடை அடுக்குக்கு, அடுக்கிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து அச்சகத்துக்கு, அச்சகத்திலிருந்து தோட்டத்துக்கு. நடந்து முடிக்கும்போது பெரும்பாலும் ஓராண்டுக்குப் பின்னால் நிற்போம். "அதான் இன்னைக்கு. இன்னைக்கே ஆரம்பி" என்பீர்கள்.

எட்டாண்டுகளுக்கு முன் வசந்த காலத்தில் லாய் யா-சுவான் இங்கே வேலைக்கு வந்தாள். மீன்குளம் வைத்திருக்கும் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டத்தை எல்லோருக்கும் காட்டிவிடும் அவசரம் அவளுக்கு இருந்தது. மூன்று ஆண்டுகளை ஒரே சுவரில் விரித்திருந்த உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் சிரித்தாள். மேல் வரிசையில் நிலாவின் மாதங்கள், கீழ் வரிசையில் சூரியனின் பருவங்கள், எல்லாமே பென்சிலில்.

"அக்கா, இதுக்கெல்லாம் இப்போ சாஃப்ட்வேர் வந்தாச்சு."

"வரட்டும். அழிச்ச இடம் அதுல தெரியுமா?"

"தெரியாது. எதுக்குத் தெரியணும்?"

"எங்கே மனசு மாறினோம்னு அடுத்தவனுக்குத் தெரிய வேண்டாமா?"

பெரியவரிடம் எதற்கு வாதம் என்று அவள் விட்டுவிட்டாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டும் இதே போல் ஆறாம் மாதம் இரட்டித்தது. அதனால் எட்டாம் மாதத்து நிலாத் திருநாள் பின்னுக்குப் போய், அக்டோபர் நான்காம் தேதி வந்தது. ஆனால் திருநாளுக்கு விற்கும் மாதோ ஊர்ப் பம்பளிமாசு பின்னுக்குப் போகவில்லை. திருநாள் நிலாவைப் பார்த்து வருகிறது. பழம் சூரியனைப் பார்த்துப் பழுக்கிறது. செப்டம்பர் ஏழு, எட்டில் வரும் வெண்பனி நாளில் மரம் பழத்தைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் மரத்தில் விட்டால் சுளை சக்கையாகிவிடும். தைனானில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இருந்தும் அந்த ஜூலை பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில் பதினான்கு பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த விற்பனை மேலாளர் லியாவ் ட்சுங்-ஹான் எழுந்து பேசினார். பழத்தைச் செப்டம்பர் இருபத்தைந்தில் பறிப்பது. 'நேற்று மரத்தில், இன்று உங்கள் மேசையில்' என்று நோட்டீஸ் போடுவது. பழத்தைக் கொட்டகையில் அடுக்கி வைக்கும் வாடகை மிச்சம். கொட்டகைகள் வேண்டாமென்று தோட்டக்காரர்களுக்கு ஜூன் மாதமே கடிதமும் போய்விட்டது. நோட்டீசை வரைந்தவள் யா-சுவான். அழகாகத்தான் வரைந்திருந்தாள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் அங்கேதான் முதன்முறை கேள்விப்பட்டீர்கள். உங்கள் கையிலிருந்த பென்சில் மேசையில் விழுந்தது. மாதோவில் நமக்குப் பழம் தருபவர்கள் நாற்பத்திரண்டு பேர். ஆண்டு முழுதும் அவர்கள் பார்க்கும் பாட்டுக்கு ஒரே அறுவடை. அது சக்கையாகிப் போனால் அடுத்த வெண்பனி நாள் வரை அவர்கள் வீட்டில் வேறு வழி கிடையாது.

"பழம் அதுவரைக்கும் மரத்துல நிக்காது சார். வெண்பனி நாள்ல பறிச்சு, கொட்டகையில இருபது நாள் ஆறப் போடணும். தோலோட தண்ணி இறங்கினாதான் உள்ளே இனிப்பு ஏறும்."

"அக்கா, நீங்க பஞ்சாங்கம் பார்க்கிற ஆளு. நான் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளு. புதுப் பழத்தைத்தான் ஜனங்க வாங்குவாங்க."

"வாங்குவாங்க. ஒரு தடவை."

யாரோ சிரித்தார்கள். லியாவ் சிரிக்கவில்லை. "ஆதாரம் இருக்கா? ஜூலை மாசம் மரத்துல காய்தான் தொங்குது. அறுத்துக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. ஜூலையில் அந்த ஆதாரத்தை உலகத்தில் யாராலும் உண்டாக்க முடியாது. நீங்கள் எழுந்து உங்கள் இடத்துக்குப் போய், இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, ஒரு பழுப்புக் காகித உறையோடு வந்தீர்கள். உறையில் இருந்தது அதற்கு முந்தைய ஆண்டின் தேதி.

முந்தைய ஆண்டு இரட்டை மாதம் கிடையாது. திருநாள் சரியான நேரத்தில் வந்து, பழம் விற்று, எல்லோரும் திருநாள் வழக்கப்படி மொட்டைமாடியில் இறைச்சி சுட்டுத் தின்று தூங்கப் போய்விட்ட ஆண்டு அது. அந்த ஆண்டில் நீங்கள் ஒரே மரத்தின் பழத்தில் பாதியை வெண்பனி நாளில் பறித்து ஆறப் போட்டீர்கள். பாதியைச் செப்டம்பர் இருபத்தைந்து வரை மரத்திலேயே விட்டீர்கள். இரண்டையும் அறுத்துப் படம் எடுத்தீர்கள். நம் நான்காவது கடை வாசலில் மேசை போட்டு, எது எதுவென்று சொல்லாமல், அறுபது வாடிக்கையாளர்களுக்கு இரண்டு தட்டுகளில் கொடுத்தீர்கள். ஐம்பத்தொரு பேர் ஆறிய பழத்தையே எடுத்தார்கள். அறுபது பேரின் கையெழுத்தும் உறையில் இருந்தது. "சக்கை" என்று ஒரு பெண்மணி பெரிய எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நிறுவனத் தலைவர் ஷி அப்போது உயிரோடு இருந்தார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கேட்டார்: "இந்தச் சண்டை வரும்னு உனக்குப் போன வருஷமே தெரியுமா?"

"சண்டை வரும்னு தெரியாதுங்க ஐயா. இரட்டை மாசம் வரும்னு தெரியும்."

யா-சுவான் தன் மடியிலிருந்த நோட்டீசைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். நான்கு ஆண்டுக் கல்லூரியில் அவள் படித்த எல்லாமே அந்த உறைக்குள் இருந்தது. அதைச் செய்தவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அன்று அவளுக்குத் தெரியவில்லை.

சொல் தவறாததால் சொத்தாக நம்பிக்கையைச் சேர்த்தவரே!

தலைவர் சம்மதித்தார். ஆனால் கொட்டகைகள் கையில் இல்லையே! உறையை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் யா-சுவானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அன்று மாலையே மாதோவுக்குப் போனீர்கள். தோட்டக்காரர்களில் மூத்தவரான குவோ தியென்-சாய் ரப்பர் பூட்ஸோடு கால்வாயில் நின்றிருந்தார்.

"கடுதாசி வந்துச்சு. கொட்டகை வேண்டாம்னு போட்டிருந்தான். ஒரு பூண்டு யாவாரி அதே மாசத்துக்குக் கேட்டுக்கிட்டு நாலு தடவை வந்துட்டான்."

"கொடுத்துட்டீங்களா அண்ணே?"

"நீதான் போன் பண்ணலையே. நீ சொல்லாம எப்படிக் கொடுப்பேன்?"

"கடுதாசியில கம்பெனி முத்திரை இருந்துச்சே."

"முத்திரையா வந்து எங்க வீட்ல சோறு தின்னுச்சு? போன வருஷத்துக்கு முன்னாலேயே வந்து உக்காந்து பேசினவ நீ. எழுதினவன் எவன்னே எனக்குத் தெரியாது."

"மத்தவங்க?"

"ரெண்டு பேர் விட்டுட்டாங்க. அவங்க பழத்தை என் வீட்டுக் கூடத்துல போட்டுக்கலாம். பொண்டாட்டி திட்டுவா."

"திட்ட மாட்டாங்க அண்ணே."

"நீ அவளைப் பார்த்ததில்ல."

பார்த்திருக்கிறீர்கள். திரும்பும்போது அந்த அம்மாளிடமே போய், கூடத்தின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு, இருபது நாளும் அவர் தொலைக்காட்சியை எந்த மூலையில் வைத்துப் பார்ப்பது என்பது வரை பேசி முடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினீர்கள்.

வெண்பனி நாளில் நாற்பத்திரண்டு தோட்டங்களிலும் பழம் இறங்கியது. கொட்டகைகளில் ஆள் உயரத்துக்கு அடுக்கியதை யா-சுவான் வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். பளபளத்த தோல் நாளுக்கு நாள் மங்கி, சுருங்கி, பார்க்கச் சகிக்காமல் போனது. "அக்கா, இதை யாரு வாங்குவா?" என்று போனில் கத்தினாள். "அதைத்தான் நீ எழுதணும். சுருங்கின தோலை மறைக்காத. அதையே நோட்டீஸ்ல பெருசா போடு" என்றீர்கள்.

போட்டாள். சுருங்கிய பம்பளிமாசின் படம் ஒரு பக்கம் முழுக்க, அதன் கீழே ஒரே வரி: 'இருபது நாள் காத்திருந்தோம், உங்களுக்காக.' பழம் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. தோட்டக்காரர் ஒருவர் வீட்டிலும் ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை.

இடையில் ஒரு புயல் வந்தது. செப்டம்பர் நடுவில் அடித்த காற்றில், அக்கம்பக்கத்தில் மரத்தோடு விட்டு வைத்திருந்த பழமெல்லாம் சேற்றில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பலர் உங்களைப் புகழத் தொடங்கினார்கள். நீங்கள் அதை ஏற்கவில்லை. "புயல் என் திட்டத்துல இல்ல. அதை என் கணக்குல எழுதாதீங்க. புயல் வராட்டாலும் சக்கை சக்கைதான்" என்றீர்கள். வந்த பெருமையைக்கூட எது தன்னுடையது, எது காற்றுடையது என்று பிரித்துப் பார்த்து வாங்கிய வேறொருவரை நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை.

தோற்றதையும் தேதி போட்டுத் தொங்கவிட்டவரே!

தோற்றதும் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் நிலாத் திருநாளுக்கு ஆறாயிரம் சிறு அடுப்புகளைப் பதினான்கு மாதம் முன்பே சொல்லி வைத்தீர்கள். மூன்று நாளும் மழை கொட்டியது. மாடியில் இறைச்சி சுட யாரும் ஏறவில்லை. இதோ, இந்தக் கிடங்கில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அந்த அடுப்புகளில் எழுநூறு இன்னும் இருக்கின்றன. விரும்பினால் திரும்பிப் பார்க்கலாம். அட்டவணையில் அந்தக் கட்டத்தை நீங்கள் அழிக்கவில்லை. பக்கத்தில் 'மழைக்கு மாற்று யோசிக்கவில்லை, தவறு என்னுடையது' என்று எழுதி விட்டு வைத்தீர்கள். கீழே வேலை செய்தவர்கள் யாரையும் நீங்கள் கைகாட்டவில்லை.

இனி எழுதப் போவதை நீக்கும்படி சிலர் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் நீக்கவில்லை.

பம்பளிமாசு விற்றுத் தீர்ந்த அந்த ஆண்டின் இறுதி விருந்தில், ஆண்டின் சிறந்த திட்டம் என்ற பரிசு மேலாளர் லியாவுக்குப் போனது. மேடையில் அவர் பூங்கொத்து வாங்கியபோது நீங்கள் பதினெட்டாவது மேசையில் எங்களுக்கு மீன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். யா-சுவான் நாற்காலி சாய எழுந்து, "அது யாரோட திட்டம்?" என்று மண்டபம் முழுதும் கேட்கக் கத்தினாள். நீங்கள் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"உக்காரு. சூப் ஆறுது."

"உங்களுக்குக் கோபமே வராதா அக்கா?"

"வரும். கோபத்துக்கும் நாள் குறிக்கணும். அடுத்த இரட்டை மாசம் ரெண்டு வருஷம் நாலு மாசத்துல வருது. அதுக்கு வேலை கிடக்கு. குடி."

அக்கா, நீங்கள் நாள் குறிக்கவே இல்லை. எட்டாண்டுகள் காத்திருந்துவிட்டு நாங்களே குறித்துவிட்டோம், அது இன்றுதான். முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்த நிறுவனம் உங்கள் பெயர்ப்பலகையில் 'பொறுப்பாளர்' என்ற சொல்லைத் தாண்டவில்லை. உங்களிடம் வேலை கற்றுப் போன மூன்று ஆண்கள் இயக்குநர்களாக இருக்கிறார்கள். பட்டம் இல்லையே என்று உங்களுக்குக் காரணம் சொன்னார்கள். பட்டம் வாங்கியவர்கள் சொல்கிறோம்: அது காரணம் அல்ல. இது பாராட்டு மடலில் சொல்லும் செய்தியா என்றால், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகும் காகிதத்தில் உண்மை இருக்க வேண்டும் என்பதே எங்கள் பதில்.

இந்த மடலின் முதல் படியை, இன்று துணைத் தலைவராக முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் லியாவ் அவர்களிடமே யா-சுவான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வெகுநேரம் படித்தார். பேனாவை எடுத்தார். பரிசுப் பத்தியை அடித்துவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். கூட்டம் நடந்த தேதியை ஜூலை பன்னிரண்டு என்று எழுதியிருந்தோம். அதை மட்டும் திருத்தினார்.

"பன்னிரண்டு இல்ல, பதினொண்ணு. எனக்கு மறக்காது" என்றார். கதவருகே போனவளைக் கூப்பிட்டு, "பரிசு விஷயத்தையும் விடாம வாசிங்க" என்றார்.

வாசித்துவிட்டோம்.

மூன்றாண்டுகளை ஒரு சுவரில் விதைத்துவிட்டுப் போகிறவரே!

இவ்வாண்டுத் திருநாள் அக்டோபர் ஆறு. மாதோவில் பழம் இன்னும் மரத்தில் இருக்கிறது. அது இறங்கும்போது நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். பயமாக இருக்கிறதா என்று எங்களை யாராவது கேட்டால், இல்லை என்றே சொல்வோம். நாற்பத்திரண்டு கொட்டகைகளும் சென்ற ஆண்டே பேசி முடிந்தன. இம்முறை பேசப் போனவள் யா-சுவான். குவோ வீட்டு அம்மாள் கூடத்தைத் தானாகவே காலி செய்து வைத்திருக்கிறார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். எங்கே மனசு மாறினீர்கள் என்பதும் தெரியும். அழித்த தடமெல்லாம் சுவரிலேயே இருக்கிறது.

இரட்டை மாதத்தில் மணமான மகள் பன்றிக்கால் சூப்பும் நீளச் சேமியாவும் கொண்டுபோய்ப் பெற்றவர்களுக்கு ஊட்டினால் அவர்கள் ஆயுள் நீளும் என்பது நம் வழக்கம். அந்தப் பொட்டலத்தை நம் கடைகளில் இரட்டை மாதம் தவறாமல் விற்க வைத்ததே நீங்கள்தான். உங்களுக்கு மகள் இல்லை. அதனால் என்ன! எங்களில் மணமானவர்கள் ஐந்து பேர், ஆகாதவர்கள் நான்கு பேர், அதிலும் மூன்று பேர் ஆண்கள். வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்திருக்கிறோம். வாசித்து முடித்ததும் கொண்டுவந்த பாத்திரத்தின் மூடியைத் திறப்போம். சேமியாவைக் கடித்துத் துண்டாக்காமல் முழு நீளமாக உறிஞ்ச வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

உடல் நலம் குன்றாமல், கண்பார்வை மங்காமல், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல், பிடித்த நேரத்தில் எழுந்து பிடித்த நேரத்தில் உறங்கி, எதற்கும் தேதி குறிக்காமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இது எங்கள் வாழ்த்து அல்ல, எங்கள் திட்டம். திட்டம் என்றால் நாள் வேண்டுமென்று கேட்பீர்கள். அடுத்த இரட்டை மாதம் மூன்றாண்டு கழித்து, ஐந்தாம் மாதத்தில் வருகிறது. அட்டவணையில் அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தீர்கள். நேற்று அதை நிரப்பிவிட்டோம்: 'பன்றிக்கால், நீளச் சேமியா. பி-லுவான் அக்கா வீடு. ஒன்பது பேர்.'

பென்சிலால் அல்ல அக்கா, பேனாவால். வீட்டில் இருங்கள்.

தைனான்
இரண்டாவது ஆறாம் மாதம், ஏழாம் நாள்

என்றும் உங்கள்
விளம்பரத் திட்டப் பிரிவினர் ஒன்பதின்மர்